கடல் கடந்த தாய்மை: ஒரு நாவலும் நம் கடமையும்



நம் புலப்பெயர்வின் வரலாற்றை நாம் சட்டங்களையும் ஆண்டுகளையும் கொண்டே பெரிதும் எழுதிவந்துள்ளோம். தமிழகத்துத் தொழிலாளரைக் கொண்டுவர 1907-இல் குடிபெயர்வு நிதி ஏற்பட்டதையும், 1938-இல் இந்திய அரசு அவ்வாறு அனுப்புவதைத் தடுத்ததையும் நம் நூல்கள் கூறுகின்றன. கப்பலேறிய மகளை எண்ணி ஊரில் தாய் எவ்வாறு நாள் கழித்தாள், அம்மகள் இங்கே எவ்வாறு தாயானாள் என்பவற்றை அவை கூறுவதில்லை. அவற்றைக் கூற நாவல் வேண்டியுள்ளது.

மலேசியாவில் பிறந்த ராணி மாணிக்கா ஆங்கிலத்தில் எழுதிய 'தி ரைஸ் மதர்' அத்தகைய ஒன்று. 2003-இல் தென்கிழக்காசிய, தென் பசிபிக் வட்டாரத்திற்கான காமன்வெல்த் எழுத்தாளர் பரிசைப் பெற்ற நாவல் அது. இலங்கையில் தாயின் ஒரே செல்வமாக வளர்ந்த லட்சுமி, பதினான்கு வயதில் தன்னினும் மிக மூத்த ஒருவருக்கு மணமுடிக்கப்படுகிறாள். செல்வர் என நம்பிய கணவர் மலாயாவில் எளிய எழுத்தர் என்பதை வந்திறங்கிய பின்னரே அறிகிறாள். குவாந்தானில் ஆறு பிள்ளைகளைப் பெறுகிறாள். ஜப்பானியர் ஆட்சியில் மகள் மோகினியை இழக்கிறாள். அதன்பின் அவளது அன்பே கடுமையாகிப் பிள்ளைகளை வாட்டுகிறது.

இக்கடுமையின் வேரை நாம் எண்ணிப் பார்க்கவேண்டும். தலைப்பிள்ளையைத் தாய்வீட்டில் பெறுவது நம் மரபு. பத்தியம் சமைக்கவும், குழந்தையை நீராட்டவும், இளந்தாயை உறங்கவிடவும் அங்கே பல கைகள் உண்டு. கடல் கடந்த பெண்ணுக்கு அக்கைகள் இல்லை. தன் தாயிடம் கேட்டறிய வேண்டியதைத் தனியே தவறித் தவறிக் கற்றாள். அவளைக் கடிந்துகொள்ளும் முன் அத்தனிமையை நாம் அளந்தறிதல் வேண்டும்.

இது குவாந்தானோடு முடியும் கதையன்று. பிரிக்பீல்ட்ஸ் குடியிருப்புகளில் தொடர்வண்டித் துறையின் யாழ்ப்பாணத்து எழுத்தர்களின் மனைவியரும், கிள்ளான் வட்டாரத் தோட்டங்களின் லயத்து வீடுகளில் பால்மரம் சீவிய தமிழகத்துப் பெண்களும் வாழ்ந்தனர். கூலியிலும் மதிப்பிலும் இவ்விரு சாராரும் வேறுபட்டனர். தாய்வீடு தொலைவில் இருந்த துயரில் ஒன்றுபட்டனர்.

நாவலில் பேத்தி டிம்பிள் குடும்பத்தாரின் குரல்களை ஒலிநாடாவில் பதிவு செய்கிறாள். அவள் மகள் நிஷா அவற்றைக் கேட்டுத் தன் முன்னோரை அறிகிறாள். நமக்குரிய பணி இங்கேதான் உள்ளது. யாழ்ப்பாண வழக்கில் அம்மம்மா வேறு, அப்பம்மா வேறு. ஆங்கிலத்தில் இருவரும் ஒரே சொல்லுக்குள் அடங்கிவிடுகின்றனர். எந்தப் பாட்டி வளர்த்தாள், எந்தப் பாட்டி கடலுக்கு அப்பால் காத்திருந்தாள் என்பது தமிழில் ஒரு சொல்லிலேயே விளங்கும். தமிழில் வாழ்ந்த ஏக்கம் ஆங்கிலத்தில் எழுதப்பட்டதை நாம் குறைகூற வேண்டியதில்லை. தமிழிலும் எழுதப்படவேண்டும் என்பதே நம் வேண்டுகோள்.

பிரிக்பீல்ட்ஸின் பழைய குடியிருப்புகள் பல இன்றில்லை. கிள்ளான் தோட்டங்கள் பல வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. அங்கே வாழ்ந்த மூதாட்டியர் சிலரேனும் நம்மிடையே உள்ளனர். மாணவர்கள் அவர்களை அணுகி, அவர்தம் சொல்லிலேயே பதிவு செய்வார்களாயின், நாளைய தமிழ் நாவலாசிரியருக்கு நாம் விட்டுச்செல்லும் செல்வம் அதுவே ஆகும்.