மண்ணில்லாப் பயிரின் இலைக்குறிகள்



மண்ணின்றி, உப்புக்கள் கரைத்த ஜலத்திலேயே பயிர் விளைவிக்கும் முறையைக் கலிபோர்னியா சர்வகலாசாலையைச் சேர்ந்த கெரிக்கே 1929-ஆம் ஆண்டில் வெளியிட்டார். இம்முறையில் இலையே பயிரின் நாடியாம்.

அடியிலைகள் முழுதும் வெளுத்தால் தழைச்சத்துக் குறைவு. அவற்றில் நரம்பு பச்சையாயிருக்க இடைப்பகுதி மஞ்சளித்தால் மக்னீசியக் குறைவு. இவ்விரண்டையும் செடி முதிர்ந்த இலையினின்று எடுத்துத் தளிருக்கு அனுப்பிவிடும். இரும்புச்சத்து அவ்வாறு எளிதில் நகராது. ஆதலால் தளிரே முதலில் வெளுக்கும். அப்போது உப்பைக் கூட்டுவதற்கு முன் ஜலத்தின் அமில கார அளவைச் சோதித்தல் வேண்டும். அது 7-க்கு மேல் ஏறினால் இரும்பு ஜலத்தில் இருந்தும் வேருக்கு எட்டாது, 5.5 முதல் 6.5 வரையில் நிறுத்துக.

புள்ளிகள் ஆங்காங்கே தோன்றிப் பரவினால் பூசண வியாதியாகலாம். அவ்விலைகளைக் கிள்ளி எரித்து, இலைமேல் ஜலம் படாது காக்க.

குறியறியாது உப்பிடுதல் சங்கப் பணத்தை ஜலத்தில் கரைப்பதேயாம்.