‘ஒரு பைசாத் தமிழன்’ கற்றுத் தந்த பாடம்

(திண்டிவனத்தில் நடைபெற்ற ஆசிரியர் கூட்டத்தில் ஆற்றிய உரை)

இன்று காலை விழுப்புரத்திலிருந்து பேருந்தில் வரும்போது, எங்கள் எட்டாம் வகுப்புச் சுவர் இதழின் பழைய தாள்களைப் புரட்டிக்கொண்டு வந்தேன். அவற்றில் இடம்பெறாமல் போன ஒரு தாளைப் பற்றித்தான் பேசப்போகிறேன். அதற்கு முன் ஒரு பத்திரிகையாளரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அயோத்திதாசப் பண்டிதர் 1845ஆம் ஆண்டு மே 20 அன்று பிறந்தவர். பெற்றோர் இட்ட பெயர் காத்தவராயன். தமக்குக் கல்வி புகட்டிய ஆசிரியரின் பெயரையே பின்னாளில் தம் பெயராக வைத்துக்கொண்டார். ஆசிரியர்களாகிய நமக்கு இதைவிடப் பெருமை வேறென்ன! தமிழ், சித்த மருத்துவம் ஆகியவற்றோடு சமஸ்கிருதம், பாலி, ஆங்கிலமும் கற்றவர். ஒடுக்கப்பட்ட மக்களுக்குப் பள்ளிக்கூட வாசலே எட்டாதிருந்த காலத்தில் இத்தனை மொழிகளில் தேர்ந்தார்.

கற்றதை அவர் தம்மோடு வைத்துக்கொள்ளவில்லை. 1907ஆம் ஆண்டு ஜூன் 19 அன்று சென்னை இராயப்பேட்டையிலிருந்து ‘ஒரு பைசாத் தமிழன்’ என்ற வார இதழைத் தொடங்கினார். விலை பெயரிலேயே இருந்தது. ஒரு பைசா என்பது அன்றைய காலணா. ஒரு ரூபாய்க்கு 64 இதழ்கள் வாங்கலாம். ஓராண்டுக்குப் பின் வாசகர்கள் விரும்பியபடி ‘தமிழன்’ என்று பெயர் மாறியது. கோலார் தங்கவயலில் உழைத்த தமிழர்களிடமும், கடல் கடந்து போன தமிழர்களிடமும் அது சென்றது. வாசகர்கள் கேள்வி கேட்டார்கள். பண்டிதர் பதில் எழுதினார். 1914இல் மறையும்வரை அந்தப் பணியை விடவில்லை.

இனி என் கதை. எங்கள் சுவர் இதழுக்கு ஒரு மாணவன் அரைத்தாள் எழுதிக் கொடுத்தான். மழை பெய்தால் அவர்கள் தெருவிலிருந்து வரும் பாதையில் முழங்கால் அளவு தண்ணீர் நிற்கும், அதனால்தான் பள்ளிக்கு வர முடிவதில்லை என்று எழுதியிருந்தான். நான் எழுத்துப் பிழைகளைத்தான் பார்த்தேன். சிவப்பு மையால் வட்டமிட்டுத் திருப்பிக் கொடுத்துவிட்டேன். அழகான கையெழுத்தில் இருந்த ஒரு பொன்மொழியை அந்த இடத்தில் ஒட்டினேன். அதே மாணவனை, அடிக்கடி விடுப்பு எடுக்கிறான் என்று திட்டியதும் நான்தான்.

பண்டிதரைப் பற்றிப் படித்தபோது அந்தத் தாள் நினைவுக்கு வந்தது. அவனை அழைத்து மறுபடியும் எழுதச் சொன்னேன். “எழுதி என்ன டீச்சர் ஆவப்போவுது?” என்றான். என்னிடம் பதில் இல்லை. இருவரும் சேர்ந்து பிழை திருத்தினோம். இதழின் முதல் இடத்தில் ஒட்டினோம். பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்தில் அவனே அதை வாசித்தான்.

பாதை இன்னும் சரியாகவில்லை. ஆனால் மழை நாளில் அந்தத் தெருப் பிள்ளைகளைப் பெற்றோர் முறை வைத்து அழைத்து வருகிறார்கள். அவன் இப்போது வாரம் தவறாமல் எழுதுகிறான்.

உங்கள் வகுப்பிலும் சுவர் இதழ் இருக்கும். அதில் பொன்மொழிகளுக்கு நடுவே, உங்கள் மாணவர் தெருவின் செய்தி ஒன்றாவது இருக்கிறதா என்று நாளைக் காலை பாருங்கள். பிழைகளைப் பிறகு திருத்திக்கொள்ளலாம்.