சிறைக்குச் செல்லும் காணிக்கை



யூபிலி விடுதலையின் ஆண்டு என்று லேவியர் ஆகமம் 25-ஆம் அதிகாரத்தில் காண்கிறோம். ஆகவே சிறையிலிருப்போரை மறந்துவிட்டு நாம் யூபிலி கொண்டாட முடியாது.

புனித சின்னப்பர் விலங்குண்டு கிடந்தபோது, பிலிப்பி நகரச் சபையார் எப்பாப்பிரோதீத்து என்பவர் கையில் பொருளுதவி கொடுத்தனுப்பினார்கள். போனவர் நோயுற்றுச் சாகும் தறுவாய்க்கே வந்துவிட்டார். சின்னப்பரோ அவ்வுதவியை இறைவனுக்குச் செலுத்திய காணிக்கையாகவே ஏற்றார்.

நம் நாட்டுச் சிறைகளில் உறவினர் கட்டும் பணம் கைதியின் கையில் தரப்படுவதில்லை. அவர் பெயரில் வரவு வைக்கப்படும். அதைக்கொண்டு சிறைக் கேன்டீனில் சோப்பு, பிஸ்கட் வாங்கிக்கொள்ளலாம். தொகை சிறியதுதான். ஆனால், வீடு உன்னைக் கைவிடவில்லை என்ற செய்தி அதிலே போகிறது.

அந்தப் பணத்தைக் கட்ட ஒரு தாய், அயலார் கண்ணில் படாமல், விடியுமுன் பஸ் ஏறுகிறாள். அவளுக்கு அந்தக் கூச்சத்தைத் தந்தவர்கள் யார்? நாம்தான் அல்லவா? நீதிமன்றம் மகனைத்தான் விசாரிக்கிறது. நாமோ தாயையும் சேர்த்துத் தண்டித்துவிட்டோம்.

பிலிப்பியர் ஒளித்து அனுப்பவில்லை. சபையாகக் கூடி அனுப்பினார்கள். அடுத்த முறை அவள் புறப்படும்போது நம்மில் ஒருவர் துணைக்குப் போவோம். அவள் முடிச்சிலே நம் பங்கும் இருக்கட்டும். சிறையிலிருந்தவரைச் சந்தித்தவர் தம்மையே சந்தித்தார் என்றல்லவா ஆண்டவர் கணக்கு வைக்கிறார்!

இறைவன் நம் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.