ஒருபொருள் குறித்த பல சொல்: ஆங்கிலம் கற்பார் நோக்கில்



இறந்தார், செத்தார், காலமானார், இயற்கை எய்தினார் என்னும் சொற்களுக்குப் பொருள் ஒன்றே. ஆயினும் இழவு வீட்டிற்கு எழுதும் மடலில், ‘தங்கள் தந்தையார் செத்த செய்தி அறிந்து வருந்தினேன்’ என்று தமிழறிந்தார் எவரும் எழுதார். அது கேட்டுக் கேட்டுப் படிந்த அறிவு, அகராதி தந்ததன்று. ஆங்கிலத்தில் அவ்வறிவு வாய்க்கப்பெறாத மாணவர், ‘டை’ என்னும் எளிய சொல்லை விடுத்து உயர்ந்த சொல் வேண்டும் என்று பரியாயச் சொற்பட்டியலைப் புரட்டுகிறார். அங்கே ‘பாஸ் அவே’, ‘பெரிஷ்’, ‘எக்ஸ்பயர்’, ‘கிக் த பக்கெட்’ யாவும் ஒரே வரிசையில் நிற்கின்றன. முதலாவது இரங்கலுக்கு உரியது. இரண்டாவது பஞ்சத்தாலும் கடற்கோளாலும் மாண்டார்க்கு ஏற்றது. மூன்றாவது இன்று பெரிதும் பயணச்சீட்டிற்கும் உரிமத்திற்கும் வழங்குவது. இந்திய ஆங்கிலத்தில் மனிதரும் அவ்வாறே காலாவதியாகின்றனர்! நான்காவது நகைப்புத் தரும் கொச்சை வழக்கு. அதனைத் தேர்ந்தவர் துயருற்ற குடும்பத்தைப் புண்படுத்திவிட்டு, பிழை எங்கே என்று அறியாமலே இருப்பார். வாக்கியத்தில் இலக்கணப் பிழை ஒன்றும் இராது.

ஆங்கிலத்தில் இத்தகு சொற்கள் மிகுந்தமைக்கு வரலாற்றுக் காரணம் உண்டு. 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பின்னர், குடிமக்கள் மொழியின்மேல் பிரெஞ்சு படிந்தது. புலமையோர் வாயிலாக இலத்தீனும் வந்து சேர்ந்தது. ஆதலின் வினவுதல் என்னும் ஒரு செயலுக்கு ‘ஆஸ்க்’, ‘குவெஸ்டியன்’, ‘இன்டெராகேட்’ என மூன்று அடுக்குகள் அமைந்தன. குழந்தை தாயிடம் கேட்பது முதற்சொல். காவலர் கைதியிடம் கேட்பது மூன்றாவது. மேலடுக்குச் சொல்லே மேலான நடை என எண்ணுவோர் வழுக்கி விழும் இடம் இதுவே.

இச்சொற்களைத் தொகுத்தாருள் ஓர் அம்மையாரும் உண்டு என்பது பலர் அறியாதது. சாமுவேல் ஜான்சனின் நெடுநாள் நண்பரான ஹெஸ்டர் பியோட்சி, பழகு பேச்சில் சொல்லைத் தேரும் வகை குறித்து 1794இல் இரு தொகுதிகள் வெளியிட்டார். பெரும்புகழ் பெற்றதோ பீட்டர் மார்க் ரோஜெட் என்னும் மருத்துவரின் ‘தெசாரஸ்’. 1805இல் தம் பயன்பாட்டிற்கெனத் தொகுக்கத் தொடங்கியவர், 1852இல், தம் 73ஆம் அகவையில் அதனை வெளியிட்டார். ஆறு வகுப்புகளில் 1000 தலைப்புகளின்கீழ்ச் சொற்கள் அடுக்கப்பட்டன. நிகண்டு கற்றார்க்கு இவ்வமைப்புப் புதிதன்று. திவாகரம் தெய்வப்பெயர் தொடங்கிப் பன்னிரு தொகுதிகளாய் விரிய, ரோஜெட்டின் நூல் ‘இருத்தல்’ என்னும் கருத்திலிருந்து தொடங்குகிறது. வேறுபாடு அவ்வளவே எனலாம்.

இரண்டிற்கும் பொதுவான குறை ஒன்றுண்டு. சொல் இருக்கும், சொல் வழங்கும் இடம் இராது. ரோஜெட், மொழியறிந்தார் நினைவினின்று நழுவிய சொல்லை மீட்டற்கே நூல் செய்தார், மொழி கற்பார்க்கன்று. நிகண்டை மனனம் செய்த அக்கால மாணவரும் அதனோடு நில்லாது, ஆசிரியரிடம் இலக்கியம் பாடங்கேட்டனர். உறு, தவ, நனி ஆகிய மூன்றும் மிகுதிப் பொருளன எனத் தொல்காப்பிய உரியியல் கூறும். அவை எப்பெயரோடும் எவ்வினையோடும் வரும் என்பதை உரையாசிரியர் காட்டிய எடுத்துக்காட்டுகளே உணர்த்தும். அக்குறையை ஆங்கிலத்தில் பெருமுயற்சியாக நிறைவு செய்தவர் ஜான்சன். 1755இல் வெளிவந்த அவரது அகராதியில் ஏறத்தாழ 1,14,000 மேற்கோள்கள் உள்ளன. பிறமொழியாளரை மனத்திற்கொண்டு, ஜப்பானில் ஆங்கிலம் கற்பித்த ஹார்ன்பி தொகுத்த அகராதி 1942இல் டோக்கியோவில் வெளியாயிற்று. 1987இல் ஜான் சின்கிளேர் தலைமையில் வந்த கோபில்டு அகராதியோ, கணிப்பொறியில் திரட்டிய உண்மை வழக்குகளைக் கொண்டே பொருள் உரைத்தது. தமிழில் 1992இல் வெளிவந்த க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி எடுத்துக்காட்டு வாக்கியங்களோடு அமைந்தது ஈண்டு நினைக்கத்தக்கது.

வழக்கறிவு ஏன் வேண்டும்? தமிழில் காற்றும் பலத்தது, மழையும் பலத்தது. ஆங்கிலத்தில் காற்று ‘ஸ்ட்ராங்’, மழை ‘ஹெவி’. தமிழை உள்ளத்தே கொண்டு எழுதுபவர் மழைக்கும் ‘ஸ்ட்ராங்’ என்பார். பூக்கொய்தல், கீரை கிள்ளுதல், கதிர் அறுத்தல், கிழங்கு அகழ்தல் என்று பிரித்தறியும் தமிழ்ச்செவி, ஆங்கிலச் சொற்களும் தத்தம் துணையைத் தேரும் என்பதை மறந்துவிடுவது வியப்பே. இதனினும் நுட்பமான வேறுபாடும் உண்டு. விபத்து நேரும், நல்ல நட்பு வாய்க்கும், விபத்து வாய்ப்பதில்லை. ஆங்கிலத்தில் ‘காஸ்’ என்னும் வினை பெரும்பாலும் தீயவற்றையே துணைக்கொள்ளும்: இழப்பு, நோய், தொல்லை. தமிழில் ‘மகிழ்ச்சியை ஏற்படுத்தியது’ என்பது இயல்பான தொடர். அதனை அவ்வினையால் மொழிபெயர்த்தால், ஆங்கிலச் செவிக்கு மகிழ்ச்சியும் ஒரு நோய்போல் ஒலிக்கும்!

ஆதலின் கற்பார், நாளொன்றுக்கு இருபது பரியாயங்களை எழுதி மனனம் செய்வதினும், இரண்டு சொற்களை எடுத்து, ஒவ்வொன்றற்கும் நல்லாசிரியர் எழுதிய மூன்று வாக்கியங்களைத் தேடி எழுதிக்கொள்வது பயனுடைத்து. சொல்லோடு அதன் துணைச்சொல்லையும், யார் யாரிடம் கூறியது என்பதையும் குறித்துவைத்தல் வேண்டும். பின்னர் ஒன்றை மாற்றி மற்றொன்றை இட்டுப் பார்த்தால், எது கெடுகிறது என்பது புலப்படும்.

தம் கவிதையைத் தாமே ஆங்கிலமாக்கும் கவிஞர்க்கு இப்பயிற்சி இன்னும் இன்றியமையாதது. பிரிவால் தலைவி மெலிந்தாள் என்பதற்கு ‘தின்’ என்றால் செய்தி மட்டுமே எஞ்சும். ‘ஸ்லெண்டர்’ என்றால் மெலிவு அழகாகிவிடும். பிரிந்தவன் மீது பழி நில்லாது. ‘ஸ்கின்னி’ எள்ளல். ‘காண்ட்’ என்றாலோ கண் குழிந்து எலும்பு தெரியும். துயர் நிற்கும், தலைவியின் இளமை போய்விடும். வளை நெகிழ்வதைச் சொல்லி, மெலிவைச் சொல்லாமலே விட்ட பழம்புலவர்க்கு இந்தத் தொல்லை இல்லை. இன்றைய கவிஞர் இந்நான்கனுள் எதனைக் கொள்வார், அல்லது அவர் வழியில் நான்கையும் தள்ளிவிடுவாரா என்பதை, பிற்பகல் அமர்வில் கவிஞர் பெருமக்களே ஆராயலாம்.