தூதரக முத்திரையும் நம்ம ஊர்ப் பத்திரமும்



பத்திரம் எழுதுறவன் மைக் முன்னாடி வந்தா வேற என்ன பேசுவான்? பத்திரத்தைப் பற்றித்தான்.

அனுப்பம்பட்டிலிருந்து பழவேற்காடு வரை நம் பிள்ளைகள் பலர் வளைகுடாவில் இருக்கிறார்கள். இங்கே பாகப்பிரிவினை வரும், மனை விற்க வேண்டி வரும். லீவு கிடைக்காது. "அண்ணன் பேருக்குப் பவர் எழுதிக் கொடுத்துடறேன்" என்பார்கள். கொடுக்கலாம். நம் தூதரக அதிகாரிக்கு நோட்டரியின் அதிகாரத்தை 1948-ஆம் ஆண்டுச் சட்டமே தந்திருக்கிறது. அவர் முன் எழுதிச் சான்று பெற்ற பவரை 1908 பதிவுச் சட்டத்தின் 33-வது பிரிவு ஏற்கிறது. ஆனால் ரூமிலேயே கையெழுத்துப் போட்டு எடுத்துப் போனால் வேலைக்காகாது. பாஸ்போர்ட்டோடு நேரில் போய் அதிகாரியின் கண்ணெதிரே போட வேண்டும்.

முத்திரை விழுந்ததும் வேலை முடிந்ததா? இல்லை ஐயா. அந்தத் தாள் இந்தியாவுக்கு வந்து சேர்ந்த 3 மாதத்துக்குள் இங்கே முத்திரைத் தீர்வை கட்ட வேண்டும். 1899 முத்திரைச் சட்டம், 18-வது பிரிவு. கவரை பீரோவில் வைத்துவிட்டு, கிரயத்தன்று பொன்னேரி சார்பதிவாளர் முன் நீட்டி, முழித்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வாங்குறவர் அட்வான்ஸைத் திருப்பிக் கேட்பார். தபால் முத்திரையோடு அந்தக் கவரையும் பத்திரமாக வையுங்கள். வந்த தேதிக்கு அதுதான் சாட்சி.

எனக்கு வயிற்றெரிச்சல் தருவது வேறொன்று. மஸ்கட்டில் வேலை பார்த்த ஒரு தம்பி, பட்டா மாற்றத்துக்கு என்று நம்பி, உறவுக்காரர் அனுப்பிய இங்கிலீஷ் தாளில் கையெழுத்துப் போட்டான். உள்ளே இருந்தது விற்கவும் பணம் வாங்கவும் பொது அதிகாரம். தூதரக முத்திரை சுத்தமாக இருந்தது! போட்டவர் யார் என்பதற்குத்தான் அது சாட்சி. எழுதியிருப்பது அவருக்கு நல்லதா கெட்டதா என்று அந்த அதிகாரி பார்க்க மாட்டார். 6 சென்ட் போய்விட்டது. வழக்கு நடக்கிறது.

ஆகவே சர்வே நம்பர், அளவு, செய்ய வேண்டிய காரியம் மூன்றையும் குறிப்பிட்டுத் தனிப் பவராகக் கொடுங்கள். நம்பிக்கை போனால் ரத்து செய்யலாம். பவர் வாங்கியவருக்கும் பதிவு அலுவலகத்துக்கும் எழுத்தில் தெரிவியுங்கள். பவர் கொடுத்தவர் காலமானால் அந்தப் பவர் பொதுவாகச் செல்லாது. இது தெரியாமல் மனை வாங்கியவர்களும் உண்டு.

மாணவத் தம்பிகளே, நாளைக்கு துபாயோ சிங்கப்பூரோ போனால், கையெழுத்துக்கு முன் வரைவை எனக்கு அனுப்புங்க. படிச்சுச் சொல்றேன், காசு வேண்டாம். சாப்பாட்டுக்கு இலை போட்டாச்சுன்னு செயலாளர் கை காட்டுகிறார்.