சாப்பிட்டீங்களா என்று மட்டும் கேளாதீர்கள்

(நூற்றாண்டு விழாவையொட்டிய சுகாதாரக் கருத்தரங்கில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



நீரிழிவைப் பற்றியோ மாரடைப்பைப் பற்றியோ நான் பேசுவேன் என்று நீங்கள் எதிர்பார்த்திருக்கலாம். நான் எடுத்துக்கொண்டது வீடுகளில் அதிகம் பேசப்படாத ஒரு விடயம். சப்பவும் விழுங்கவும் கஷ்டப்படுகிற ஒருவருக்கு எப்படி நல்ல சாப்பாடு கொடுப்பது? இதை நான் புத்தகத்தில் படித்தேன். ஆனால் விளங்கிக்கொண்டது என் அப்பாவிடமிருந்துதான்.

பாரிசவாதம் வந்து ஓரளவு தேறி அப்பா வீடு திரும்பிய காலத்தில் நான் கொழும்பில் வேலை செய்தேன். ஒவ்வோர் இரவும் தொலைபேசியில் "சாப்பிட்டீங்களா அப்பா?" என்று கேட்பேன். "ஓம் பிள்ளை, சாப்பிட்டிட்டன்" என்பார். ஆறு மாதத்துக்குள் இரண்டு தடவை சளியும் காய்ச்சலும் வந்தன. மருந்து சொன்னது நான்தான். பொங்கலுக்கு வீட்டுக்குப் போனபோது அவருடைய மணிக்கூடு மணிக்கட்டில் நில்லாமல் வழுகியது. அம்மா புட்டும் மீன்குழம்பும் வைத்தார். இரண்டாவது வாயிலேயே இருமல். தண்ணீர் குடித்தார், இருமல் கூடியது, குரல் ஈரமாகக் கரகரத்தது. "வயசு போனால் இப்படித்தானே" என்றார் அம்மா. சபையில் இருமுவதற்கு வெட்கப்பட்டு, அப்பா கலியாண வீடுகளுக்குப் போவதையே நிறுத்தியிருந்தார். சாப்பிட்டாரா என்று தினமும் கேட்ட நான், எப்படிச் சாப்பிடுகிறார் என்று ஒருநாளும் கேட்கவில்லை.

விஞ்ஞான பாடத்தில் ரீச்சர் கரும்பலகையில் கீறிய படத்தை நினைத்துப் பாருங்கள். தொண்டையில் இரண்டு வழிகள்: உணவு போகும் களம், காற்றுப் போகும் வாதனாளி. விழுங்கும் கணத்தில் காற்றுவழி மூடிக்கொள்ள வேண்டும். தசைகள் பலவீனமானால் மூடுவது பிந்தும். அப்போது உணவோ நீரோ சுவாசப்பைக்குள் இறங்கி நியூமோனியாவை உண்டாக்கலாம். தண்ணீர் வேகமாக ஓடுவதால் பலருக்குச் சோற்றைவிடத் தண்ணீர்தான் கஷ்டம். சிலருக்கு இருமலே வராமலும் உள்ளே இறங்கும்.

பாரிசவாதம், பார்க்கின்சன் நோய், மறதிநோய், வாய் அல்லது தொண்டைப் புற்றுநோய்க்கான சிகிச்சை ஆகியவை இதற்கு முக்கிய காரணங்கள். பல் இல்லாமை, பொருந்தாத பொய்ப்பல், சில குளிசைகளால் வாய் வரளுதல் ஆகியவை சப்புவதைக் கெடுக்கின்றன. சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டபின் ஈரக்குரல், கன்னத்துக்குள் உணவு தங்குதல், ஒரு நேரச் சாப்பாடு அரை மணித்தியாலத்துக்கு மேல் இழுபடுதல், காரணமில்லாமல் மெலிதல், திரும்பத் திரும்ப வரும் சளிக்காய்ச்சல் ஆகியவற்றை வயதின் கணக்கில் எழுதிவிடாதீர்கள். வைத்தியரிடம் காட்டி, பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடம் அனுப்பச் சொல்லுங்கள். பேச்சோடு விழுங்குதலையும் பரிசோதிப்பவர்கள் அவர்களே. உணவு நெஞ்சில் தடக்குகிறது, அது நாளுக்கு நாள் கூடுகிறது என்றால் சுணங்காமல் வைத்தியரிடம் போக வேண்டும். களத்தில் புற்றுநோயா என்று பார்க்க வேண்டியிருக்கும்.

இனி, எங்கள் அடுப்படிக்கு வருவோம். உதிர்வது, ஒட்டுவது, நாராய் இருப்பது, திண்மமும் நீரும் கலந்தது ஆகிய நான்கும் கஷ்டமானவை. புட்டு உதிரும். கொழுக்கட்டையும் தொதலும் ஒட்டும். முருங்கைக்காய் நார். தண்ணிச் சொதியில் மிதக்கும் இடியப்பத்தில் நீர் முந்தி ஓடும், இடியப்பம் பிந்தி நிற்கும். கூழ் இதம்தான், ஆனால் அதில் மீன்முள்ளும் நண்டோடும் பலாக்கொட்டையும் இருக்கும்.

ஆகவே, இடியப்பத்தைக் கெட்டிச் சொதியில் ஊறவைத்து, நீர் பிரியாதபடி மசியுங்கள். சோற்றைக் குழைய வடித்துப் பருப்போடு பிசையுங்கள். முள் எடுத்த மீன், மென்மையாக அவித்த முட்டைக் கலவை, தயிர், வட்டிலப்பம், பப்பாசி எல்லாம் நல்லவை. கூழை வடித்துக் கொடுங்கள். உலகளவில் உணவையும் பானத்தையும் 0 முதல் 7 வரை எட்டுப் படிகளாக வகுக்கும் ஐ.டி.டி.எஸ்.ஐ. என்ற முறை உண்டு. அதில் பெரியவர்களுக்கு 5ஆம் படி உணவின் துண்டு 4 மில்லிமீற்றர், ஏறக்குறைய முள்ளுக்கரண்டியின் இரு பற்களுக்கு இடைப்பட்ட அளவு. எந்தப் படி என்பதைச் சிகிச்சையாளரே சொல்லவேண்டும். பானத்தைத் தடிப்பாக்குவதும் அப்படியே. தடித்த பானத்தை வெறுத்துக் குறைவாகக் குடித்து உடல் வரண்டுபோகிறவர்களும் உண்டு.

தண்ணீர் விட்டு அரைத்தால் வயிறு நிறையும், உடம்பு தேறாது. பால், தேங்காய்ப்பால், பருப்புத் தண்ணீர் விட்டு அரையுங்கள். ஒரு கரண்டி நெய் சேருங்கள். சிறிது சிறிதாக ஐந்தாறு தடவை கொடுங்கள். ஒவ்வொரு கறியையும் தனித்தனியே மசித்துத் தனித்தனியே வையுங்கள். எல்லாவற்றையும் ஒன்றாக அரைத்த சாம்பல்நிறக் களியை நீங்கள் சாப்பிடுவீர்களா?

நிமிர்த்தி இருத்துங்கள், சாப்பிட்டபின்னும் அரை மணித்தியாலம் அப்படியே இருக்கட்டும். ஒரு வாய் விழுங்கி முடிந்தபின் அடுத்த வாய். தொலைக்காட்சியை நிறுத்துங்கள். காலையும் இரவும் பல்லும் நாக்கும் துலக்குங்கள். வாயின் கிருமி உணவோடு சுவாசப்பைக்குள் போவதுதான் ஆபத்து. குளிசையைக் கேட்காமல் நொறுக்காதீர்கள். சில குளிசைகளை நொறுக்கக்கூடாது. பாரிசவாதம் வந்தவுடன் "ஒரு வாய் தேத்தண்ணி" கொடுக்கவே வேண்டாம். விழுங்குவதைப் பரிசோதிக்கும்வரை வாயில் எதுவும் வைக்காமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோங்கள்.

அப்பாவின் கதையை முடிக்கிறேன். பரிசோதனைக்குப் பிறகு அம்மா முதலில் செய்தது ராசவள்ளிக்கிழங்கு. அவித்து, கட்டியில்லாமல் மசித்து, தேங்காய்ப்பாலும் சீனியும் விட்டுக் கிண்டினார். அப்பா ஒரு கோப்பையை இருமாமல் முடித்துவிட்டு, "இன்னும் கொஞ்சம் இருக்கோ?" என்று கேட்டார். மாதக்கணக்காக அந்த வீட்டில் யாரும் கேட்காத கேள்வி அது. அதற்குப் பின் அவர் நான்கு வருடங்கள் எங்களோடு மேசையில் இருந்து சாப்பிட்டார்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் இருந்து வந்திருக்கும் சகோதரிகளே, ஊரிலுள்ள அம்மா அப்பாவோடு அடுத்த தடவை பேசும்போது, "சாப்பிட்டீங்களா?" என்பதோடு நிறுத்தாதீர்கள். "என்ன சாப்பிட்டீங்கள்? தண்ணி குடிக்கேக்க இருமல் வருதோ? உடுப்பு தளருதோ?" என்றும் கேளுங்கள். முடிந்தால் அவர்கள் சாப்பிடும் நேரத்தில் வீடியோவில் எடுத்து, கூடவே இருந்து நீங்களும் சாப்பிடுங்கள். சொல்லாத பதில் கண்ணுக்குத் தெரியும்.