தென் கொரியாவை வளர்த்தது எது?

(தொழிற்சங்க ஊழியர் வகுப்பில் நிகழ்த்திய உரையின் சுருக்கம்)



1960-ல் தென் கொரியா ஒரு ஏழை நாடு. இன்று கப்பலும் காரும் உருக்கும் உலகெங்கும் அனுப்புகிறது. "மார்க்கெட்டைக் கட்டவிழ்த்து விட்டார்கள், செழித்தார்கள்" என்று பண்டிதர்கள் பாடம் சொல்லுகிறார்கள். உண்மை என்ன?

முதலில் நிலத்தைப் பாருங்கள். ஜப்பானியர் ஆட்சியில் குத்தகை விவசாயி விளைச்சலில் பாதியை நிலப்பிரபுவுக்கு அளந்து வந்தான். 1946-ல் வட கொரியாவில் நிலம் உழுபவனுக்குப் பிரித்துக் கொடுக்கப்பட்டது. தெற்கிலும் விவசாயிகள் கொதித்தெழுந்தார்கள். அதன் பிறகே அங்கே 1949-ல் நிலச் சட்டம் வந்தது. உச்சவரம்பு சுமார் 3 ஹெக்டேர். நிலத்தின் விலை ஒரு வருஷ விளைச்சலைப் போல் ஒன்றரை மடங்கு; அதையும் ஐந்து வருஷத் தவணையில் கட்டினால் போதும். நிலப்பிரபு வர்க்கம் சாய்ந்தது. விவசாயியின் பிள்ளை பள்ளிக்கூடம் போனான்.

அடுத்தது பாங்கு. 1961-ல் ராணுவப் புரட்சி நடத்திய ஜெனரல் பார்க் சுங் ஹீ, அதே வருஷம் பாங்குகளைச் சர்க்கார் கையில் எடுத்தார். திட்டக் குழுவை அமைத்தார். சொன்ன அளவு ஏற்றுமதி செய்த முதலாளிக்குக் குறைந்த வட்டியில் கடன், செய்யாதவனுக்குக் கதவடைப்பு! 1969-ல் கொரியாவுக்கு உருக்காலை கட்டுப்படியாகாது என்றது உலக பாங்கு. சர்க்கார் விடவில்லை. 1965 உடன்படிக்கைப்படி ஜப்பான் தந்த பணத்தைப் போட்டது. 1973-ல் போஹாங்கில் உருக்கு வார்க்கப்பட்டது. இதுவா கட்டவிழ்த்த மார்க்கெட்?

ஆனால், தோழர்களே, அந்த ஜப்பான் பணத்தில், கட்டாய உழைப்புக்கு இழுத்துச் செல்லப்பட்டவர்களுக்குக் கிடைத்தது சொற்பமே. முதலாளியிடம் கணக்குக் கேட்ட சர்க்கார், தொழிலாளி வாய் திறந்தால் லத்தியை ஓங்கியது. 1953-லேயே எட்டு மணி நேரச் சட்டம் இருந்தது, காகிதத்தில்! சியோல் நகரத் துணிக் கடைத்தெருவில் சிறு பெண்கள் இரவு வரை தைத்துக் கொண்டிருந்தார்கள். 1970 நவம்பர் 13-ந் தேதி, 22 வயதுத் தையல் தொழிலாளி சுன் தே இல், அந்தச் சட்டத்தை அமல் நடத்தக் கோரித் தீக்குளித்து மாண்டார். 1987-ல் மூவாயிரத்துக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் வெடித்தன. அதற்குப் பின்னரே சங்கங்கள் வலுப்பெற்றன, கூலி உயர்ந்தது.

பிற்பாடு பாங்குகள் தனியார் கைக்குப் போயின. 1994-ல் திட்டக் குழு தனி ஸ்தாபனமாக இல்லாமல் போயிற்று. வெளிநாட்டுக் கடன் குவிந்து, 1997-ல் நாடே சர்வதேச நிதி ஸ்தாபனத்தின் வாசலில் நின்றது. 1998-ல் ஆட்குறைப்புக்குச் சட்டம் வந்தது. மூழ்கியது முதலாளியின் கணக்கு. வேலை இழந்தவன் தொழிலாளி.

நாம் கற்க வேண்டிய பாடம் இதுதான். ஸ்தாபனங்கள் இல்லாமல் தொழில் வளராது. ஆனால் வளர்ச்சியின் பலன் யாருக்கு என்பதை, அந்த ஸ்தாபனங்கள் யார் கையில், யாருக்குப் பதில் சொல்லுகின்றன என்பதே தீர்மானிக்கிறது. தென் கொரியக் கம்பெனியான சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில், சங்க அங்கீகாரம் கேட்டு 2024-ல் 37 நாட்கள் வேலைநிறுத்தம் செய்தார்களே, அந்தத் தொழிலாளர்கள் எழுப்பியதும் இதே கேள்விதான். தொழிற்சாலை வந்தால் மட்டும் போதாது. சங்கமும் வர வேண்டும்.